விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்கு வந்தால் கேம் ஆட முடியுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஐ5-7400 புராசசர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 16 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் புராசசரை ஏற்காது. எல்டன் ரிங், சைபர்பங்க் 2077, ஜிடிஏ 5 ஆடுவேன், நண்பர்களோடு வேலரண்ட். லினக்ஸுக்கு மாறினால் இதெல்லாம் ஓடுமா? ஃபிரேம் குறையுமா?

பதில்:

முதலில் உங்கள் பட்டியலுக்கே பதில் சொல்லிவிடுகிறேன். எல்டன் ரிங் ஆன்லைனோடு சேர்த்து ஓடும். சைபர்பங்க் ஓடும். ஜிடிஏ 5-இல் கதை ஓடும், ஆன்லைன் ஓடாது. வேலரண்ட் ஓடவே ஓடாது. எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் பதிப்பு வகை) போட்டாலும், என்ன வித்தை காட்டினாலும் ஓடாது. எந்த கேம், எந்த கார்டு என்று தெரியாமல் "லினக்ஸில் கேம் ஆடலாமா" என்ற கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் அது பாதி பொய்யாகத்தான் இருக்கும். ஃபிரேம் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எது எங்கே மாட்டும் என்பதும் தெரிந்துவிடும். கேமின் எக்ஸி ஃபைலில் இருப்பது சாதாரண எக்ஸ்86 கட்டளைகள். அவற்றை உங்கள் புராசசர் நேரடியாகவே இயக்கும், அங்கே எமுலேஷன் (வேறொரு கம்ப்யூட்டரைப் போல நடிப்பது) எதுவும் கிடையாது. மாற்ற வேண்டியது, கேம் விண்டோஸிடம் கேட்கும் உதவிகளை மட்டும்: ஃபைலைத் திற, த்ரெட் தொடங்கு, இந்த முக்கோணத்தை வரை. ஃபைல், த்ரெட், ரெஜிஸ்ட்ரி போன்றவற்றை 1993 முதல் எழுதப்பட்டு வரும் வைன் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. வரைகலையை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். டைரக்ட்எக்ஸ் (விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் வழி) 8 முதல் 11 வரை டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான். இரண்டுமே கேமின் அழைப்புகளை, லினக்ஸ் டிரைவர்களுக்குப் புரியும் வல்கன் அழைப்புகளாக மாற்றிக் கொடுக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள் வைத்தது. அதன் பெயர்தான் புரோட்டான். 2022 பிப்ரவரியில் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் விற்பனைக்கு வந்த பிறகு, கேம் கம்பெனிகளே தங்கள் கேம் புரோட்டானில் ஓடுகிறதா என்று வெளியீட்டுக்கு முன் சோதிக்க ஆரம்பித்தன. நாம் இன்று மேசைக் கம்ப்யூட்டரில் அனுபவிப்பது அந்தக் கையடக்கக் கருவிக்குச் செய்த வேலையின் பலனைத்தான்.

இந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு தேறிவிட்டது என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இன்டெல் தன் ஆர்க் கார்டுகளுக்கான விண்டோஸ் டிரைவரில், பழைய டைரக்ட்எக்ஸ் 9 கேம்கள் சிலவற்றுக்கு டிஎக்ஸ்விகேவையே எடுத்துப் பயன்படுத்தியது. லினக்ஸுக்காக எழுதியது விண்டோஸுக்கே போய் வேலை பார்த்தது.

ஆனால் வைனால் தர முடியாத ஒன்று உண்டு: விண்டோஸ் கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் உள்மையம். வேலரண்டின் ஆன்டி-சீட்டான (ஏமாற்று மென்பொருளைத் தடுப்பது) வேன்கார்ட், கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஏறி உட்காரும். லினக்ஸில் அந்த இடமே இல்லை. கேம் கம்பெனியின் பார்வையில் இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸ் கெர்னலை யார் வேண்டுமானாலும் திருத்தி, கம்பைல் செய்து, பூட் செய்யலாம். "இந்தக் கெர்னலை நம்பு" என்று கேமிடம் சொல்ல ஆளில்லை. விர்ச்சுவல் மெஷினில் விண்டோஸை வைத்து ஆடலாமா என்று கேட்பார்கள். வேன்கார்ட் அதையும் கண்டுபிடித்து மறுக்கும், அக்கவுன்ட் பேன் ஆகும் அபாயமும் உண்டு. முயற்சி செய்யாதீர்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பல வருடம் வைனில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் அதற்கும் வேன்கார்ட் வந்தது, அத்தோடு முடிந்தது.

எல்லா ஆன்டி-சீட்டும் இப்படி இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. அதிகம் புழங்கும் ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டுமே 2021-லேயே புரோட்டானுக்கு ஆதரவு கொடுத்துவிட்டன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் கம்பெனியின் கையில். எல்டன் ரிங்கில் இருப்பது ஈஸி ஆன்டி-சீட், இயக்கி வைத்திருக்கிறார்கள், ஆன்லைனில் ஆடலாம். அதே ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரரான எபிக், தன் ஃபோர்ட்நைட்டில் லினக்ஸுக்கு அனுமதி தரவில்லை. ஜிடிஏ ஆன்லைனுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது. ராக்ஸ்டார் லினக்ஸ் ஆதரவை இயக்கவில்லை, முந்தைய வாரம் வரை ஆடியவர்கள் வெளியே நின்றார்கள். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2022 முதல் ஓடியது, சீட்டர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று காரணம் சொல்லி 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆக, இன்று ஓடும் ஆன்லைன் கேம் நாளையும் ஓடும் என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. லினக்ஸ் கேமிங்கின் உண்மையான குறை இதுதான் என்பேன், ஃபிரேம் ரேட் அல்ல.

கால் ஆஃப் டியூட்டி, பேட்டில்ஃபீல்ட் 6, பப்ஜி, ரெயின்போ சிக்ஸ் சீஜ், டெஸ்டினி 2, இஏ எஃப்சி வரிசை ஆகியவையும் ஓடாதவை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் வால்வ் நேரடி லினக்ஸ் பதிப்பே தருகிறது. ஆனால் ஃபேஸ்இட் என்ற போட்டித் தளத்தில் ஆடுபவர் என்றால் அதன் ஆன்டி-சீட்டுக்கு விண்டோஸ் வேண்டும். மாறும் முன் உங்கள் லைப்ரரியில் உள்ள ஒவ்வொரு கேமையும், எது எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். மேலே போட்டிருக்கும் பிளாட்டினம், கோல்டு பதக்கத்தோடு நிறுத்தாமல் கீழே இறங்கி, கடைசி இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் கார்டு வகையைச் சேர்ந்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய குறிப்பில் இருக்கும் வைத்தியம் இப்போது கேமைக் கெடுக்கவும் செய்யும்.

இனி ஃபிரேம். ஏஎம்டி கார்டு என்றால் பெரும்பாலான கேமில் விண்டோஸுக்குச் சமம், சிலவற்றில் மேலே. காரணம் டிரைவர். மேசா என்ற திறந்த மூலத் தொகுப்பில் உள்ள ஆர்ஏடிவி என்ற வல்கன் டிரைவரில் வால்வ் ஆட்களை வைத்து வேலை செய்கிறது, ஷேடர் (கார்டில் ஓடி நிறம், ஒளியைக் கணக்கிடும் சிறு நிரல்) கம்பைலரையே புதிதாக எழுதினார்கள். ஏஎம்டி தன்னுடைய தனி திறந்த மூல வல்கன் டிரைவரை 2025-இல் நிறுத்திவிட்டு இதையே ஏற்றுக்கொண்டது. 2025-இல் லெனோவோவின் லீஜியன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவி விண்டோஸோடும், வால்வின் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸோடும் இரண்டு விதமாக வந்தபோது, ஒரே வன்பொருளில் ஒப்பிட வாய்ப்புக் கிடைத்தது. சோதனைகளில் பெரும்பாலான கேமில் ஸ்டீம்ஓஎஸ்தான் முந்தியது. ஏஎம்டியில் நெடுங்காலம் பின்தங்கியிருந்தது ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) மட்டும். புதிய மேசா பதிப்புகளில் அதுவும் நன்றாக ஏறியிருக்கிறது.

உங்களுடையது என்விடியா. அங்கே கணக்கு வேறு. டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் வித்தியாசம் தெரியாது. ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பு இந்த வகை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் பத்து முதல் இருபது சதவீதம் வரை இழப்பு வரும், கேமைப் பொறுத்து. எல்டன் ரிங், சைபர்பங்க் இரண்டும் டைரக்ட்எக்ஸ் 12. எல்டன் ரிங்குக்கு 60 ஃபிரேம் உச்சவரம்பு இருப்பதால் இழப்பு அவ்வளவாக உறைக்காது, சைபர்பங்கில் உறைக்கும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் (சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) உங்கள் கார்டிலும் வேலை செய்யும், சைபர்பங்க் மெனுவிலேயே இருக்கிறது. குவாலிட்டி அளவில் வைத்தால் இழந்ததை மீட்டுவிடலாம். என்விடியாவின் அதே மாதிரி வசதியான டிஎல்எஸ்எஸ் புரோட்டானில் ஓடும், ஆனால் 16 வரிசைக் கார்டுகளில் அதற்கான டென்சர் கோர் கிடையாது, அது விண்டோஸிலும் உங்களுக்கு இல்லாததுதான்.

இன்னொரு நுணுக்கம், கார்டின் 6 ஜிபி நினைவகம். மொழிபெயர்ப்பு அடுக்கு தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் கார்டு நினைவகம் நிரம்பினால் மிச்சம் ராமுக்கு வழிந்து, கேம் மெதுவாகும். லினக்ஸில் என்விடியா டிரைவர் இந்த வழிதலை அவ்வளவு நாசூக்காகச் செய்யாது. ஃபிரேம் சட்டென்று ஒற்றை இலக்கத்துக்கு விழும், அல்லது கேம் மூடிக்கொள்ளும். விண்டோஸில் டெக்ஸ்சர் ஹையில் ஆடியிருந்தால் இங்கே மீடியத்தில் தொடங்குங்கள். மற்ற செட்டிங்ஸைத் தொட வேண்டாம்.

புராசசரைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சைபர்பங்கின் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு குறைந்தபட்சத் தேவையே ஐ7-6700-உம் எஸ்எஸ்டியும். எல்டன் ரிங் கேட்பது ஐ5-8400. நான்கே கோர் உள்ள 7400 இரண்டுக்கும் கீழே. சைபர்பங்கின் ஊரான நைட் சிட்டியின் சந்தைப் பகுதியில் வரும் இழுவைக்கு லினக்ஸைத் திட்டாதீர்கள், விண்டோஸிலும் அது வரும்.

இந்த நான்கு கோர் விவகாரம் ஷேடரில்தான் நன்றாகத் தெரியும். கேம் தொடங்கும் முன் ஸ்டீம் "வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறேன்" என்று ஒரு பட்டையைக் காட்டும். பொறுமையில்லாமல் ஸ்கிப்பை அழுத்துபவர்கள்தான் பிறகு "லினக்ஸில் திக்கித் திக்கி ஓடுகிறது" என்று எழுதுகிறார்கள். ஒவ்வொரு புதிய எஃபெக்டும் முதல் தடவை திரையில் வரும்போது அதற்கான ஷேடரை அந்த நொடியிலேயே கம்பைல் செய்ய வேண்டியிருந்தால், ஃபிரேம் நின்று நின்றுதான் வரும். டிஎக்ஸ்விகே 2.0 வந்த 2022 நவம்பருக்குப் பிறகு டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் இது பெருமளவு போய்விட்டது, டிரைவரும் புதிதாக இருந்தால். ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தின் கீழே, பின்னணியில் ஷேடர் தயாரிப்பை அனுமதிக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டு இரவு கம்ப்யூட்டரை ஓட விட்டால் காலையில் வேலை முடிந்திருக்கும். டிரைவர் அப்டேட் ஆனால் மறுபடி முதலிலிருந்து தயாராகும். அது கோளாறு அல்ல. எல்டன் ரிங் வெளியான 2022-இல் விண்டோஸிலேயே திக்கல் இருந்தது. வால்வ் ஆட்கள் விகேடி3டி-புரோட்டானில் அதற்கென்று திருத்தம் போட்டதால், ஸ்டீம் டெக்கில் அது விண்டோஸைவிடச் சீராக ஓடியது. மொழிபெயர்ப்பவர் மூலத்தின் பிழையைத் திருத்தியது போல.

எந்த டிஸ்ட்ரோ? கேமுக்காக மட்டும் என்றால் பஸ்ஸைட். என்விடியா டிரைவரோடு தனி ஐஎஸ்ஓ தருகிறார்கள், ஸ்டீம் உள்ளேயே இருக்கும், அப்டேட் கெடுத்தால் பூட் மெனுவில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அதே கம்ப்யூட்டரில் மற்ற வேலையும் செய்வீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது ஃபெடோரா. காச்சிஓஎஸ் வேகமானது, ஆனால் ஆர்ச் வகை; வாராவாரம் வரும் அப்டேட்டோடு மல்லுக்கட்டப் பிடித்தவர்களுக்கு. டெபியன் ஸ்டேபிளைப் புதிய கார்டுக்குப் போட வேண்டாம், கெர்னலும் மேசாவும் பழையதாக இருக்கும். உபுன்டு போட்டால் ஒரு எச்சரிக்கை: அதன் ஆப் சென்டர் தருவது ஸ்டீமின் ஸ்னாப் பதிப்பு, அதில் வரும் கோளாறுகளுக்குக் கணக்கே இல்லை. ஸ்டீம் தளத்திலிருந்து டெப் ஃபைலை இறக்கிப் போடுங்கள்.

மின்டில் என்விடியா டிரைவரை டிரைவர் மேனேஜரில் போடலாம், ரெக்கமண்டட் என்று குறித்திருப்பதைத் தேர்ந்தால் போதும். இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயாஸில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை பூட்டின்போது தடுக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து சில நொடிகள் காத்திருக்கும்; அதில் "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, யெஸ் கொடுத்து, அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். என்னவோ ஏதோ என்று நேரே பூட்டுக்குப் போய்விட்டால், டிரைவர் வட்டில் இருந்தும் கெர்னல் அதை ஏற்றாது. டெஸ்க்டாப் வரும், கேம் மட்டும் ஐந்து ஃபிரேமில் ஊரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் என்விடியா என்று வராமல் எல்எல்விஎம்பைப் என்று வந்தால், வரைவது கார்டு அல்ல, புராசசர். உங்கள் கார்டு டூரிங் தலைமுறை, ஆகவே புதிய திறந்த கெர்னல் மாட்யூலும் ஏற்கும். 900, 1000 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அவர்கள் டிஸ்ட்ரோ தானாக அடுத்ததற்குத் தாவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டெஸ்க்டாப் வேலண்டில் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு) ஓடினால் 555-க்கு முந்தைய டிரைவர் வேண்டாம். திரை மின்னுவதும் பழைய ஃபிரேம் பின்னால் தாவுவதும் அதோடுதான் தீர்ந்தது.

ஸ்டீமைத் திறந்ததும் செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தைப் பாருங்கள். பழைய பதிப்பில் எல்லா கேமுக்கும் ஸ்டீம் பிளேயை இயக்கு என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும், 2025-இன் நடுவிலிருந்து வரும் பதிப்பில் அது தானாகவே இயங்கும். கேம் ஓடவில்லை என்றால் அதன் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி. அங்கே புரோட்டான் பதிப்பை மாற்றிப் பார்க்கலாம். முதலில் எக்ஸ்பெரிமென்டல், அதிலும் ஆகாவிட்டால் ஜிஇ-புரோட்டான். பின்னது வால்வ் தருவதல்ல. புரோட்டான்அப்-க்யூடி என்ற சின்ன ஆப் வழியாக இறக்கி, ஸ்டீமை மூடித் திறந்தால் பட்டியலில் வரும். கேமுக்குள் வீடியோக் காட்சி வர வேண்டிய இடத்தில் பழைய டிவி சோதனைத் திரை மாதிரி வண்ணப் பட்டைகள் தெரிந்தால், அந்த வீடியோவின் கோடெக்கை (சுருக்கும் முறை) புரோட்டானால் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஜிஇ-புரோட்டான் அதைத் தீர்க்கும்.

எல்டன் ரிங் "ஆன்டி-சீட் தொடங்க முடியவில்லை" என்றால், லைப்ரரி வடிகட்டியில் டூல்ஸைக் காட்டச் சொல்லி, புரோட்டான் ஈஸிஆன்டிசீட் ரன்டைம் என்பது இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாகத் தானே வரும், சில சமயம் வராது.

சில கேம்களுக்கு நேரடி லினக்ஸ் பதிப்பு இருக்கும், ஸ்டீம் அதைத்தான் முதலில் இறக்கும். அது நல்லது என்று தோன்றும், ஆனால் பல கம்பெனிகள் அந்தப் பதிப்பை ஒரு தடவை விட்டுவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பழைய பதிப்பு, மல்டிபிளேயர் பொருந்தாது, மோட் ஏறாது. அப்படியானால் மேலே சொன்ன அதே இடத்தில் புரோட்டானைக் கட்டாயப்படுத்துங்கள், விண்டோஸ் பதிப்பு இறங்கும். லினக்ஸ் அபிமானிகளுக்கு இது கசக்கும், ஆனால் கேம் நன்றாக ஓடும்.

ஃபிரேம் எண்ணிக்கை பார்க்க மேங்கோஹட் வேண்டும். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் அதன் பெயரைச் சின்ன ஆங்கில எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சதவீதக் குறி, கமாண்ட் என்ற சொல், மறுபடி சதவீதக் குறி என்று ஒட்டி எழுதுங்கள். அந்தச் சதவீதக் குறிகளில் ஒன்றை விட்டாலும் கேம் தொடங்கும் மாதிரி காட்டிவிட்டு நின்றுவிடும். கேம்மோட் என்ற கருவியைப் பற்றி நிறையப் படிப்பீர்கள். அது முக்கியமாகப் புராசசரின் வேகக் கட்டுப்பாட்டை உச்சத்தில் வைக்கிறது. டெஸ்க்டாப்பில் பலன் சொற்பம், லேப்டாப்பில் கொஞ்சம் தெரியும். பெரிய கேம் ஏதாவது லோடிங்கில் காரணமே சொல்லாமல் மூடிக்கொண்டால், கெர்னலின் மெமரி மேப் உச்சவரம்பைப் பாருங்கள். பழைய இயல்பு மதிப்பு 65,530, சில கேம்களுக்கு அது பற்றாது. ஃபெடோரா 39-உம் உபுன்டு 24.04-உம் தாமாகவே 10,48,576 ஆக உயர்த்திவிட்டன.

கெட்டுப்போன கேமைச் சரி செய்ய "பிரிஃபிக்ஸை அழி" என்று அறிவுரை சொல்வார்கள். ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது. ஸ்டீமேப்ஸுக்குள் கம்பேட்டேட்டா என்ற ஃபோல்டரில், கேமின் ஸ்டீம் எண் பெயரில் இருக்கும். எல்டன் ரிங்குக்கு 1245620. அதை அழித்தால் அடுத்த தடவை புதிதாக உருவாகும், பல கோளாறு போய்விடும். ஆனால் உங்கள் சேவ் ஃபைலும் அதற்குள்தான் இருக்கிறது. க்ளவுட் சேவ் இல்லாத கேமில் யோசிக்காமல் அழித்தால் எண்பது மணி நேர ஆட்டம் போச்சு. முதலில் அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகலெடுங்கள், பிறகு அழியுங்கள். விண்டோஸிலிருந்து சேவ் ஃபைலைக் கொண்டுவருவதும் இதே வழிதான்: உள்ளே டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போனால் டாகுமென்ட்ஸும் ஆப்டேட்டாவும் விண்டோஸில் இருந்த அதே அமைப்பில் இருக்கும்.

அடுத்தது, புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் விழும் குழி. விண்டோஸில் ஏற்கெனவே 400 ஜிபி கேம் இருக்கிறது, அதே டிரைவை லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிட்டால் மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டாமே என்று தோன்றும். ஸ்டீம் அந்த ஃபோல்டரை ஏற்கும், கேம்களும் பட்டியலில் வரும். பிளே அழுத்தினால் பட்டன் நீலமாகி, இரண்டு நொடியில் பழையபடி பச்சைக்குத் திரும்பும். எந்த எரர் செய்தியும் வராது. காரணம், விண்டோஸ் வட்டின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ். புரோட்டான் தன் போலி டிரைவுக்காக "சி:" என்று முக்காற்புள்ளியோடு பெயர் வைத்து ஓர் இணைப்பு உருவாக்கும்; என்டிஎஃப்எஸ் பெயர்களில் முக்காற்புள்ளியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. உருவாகவே மறுக்கலாம், அல்லது உருவாகி, அடுத்த தடவை விண்டோஸ் வட்டுச் சோதனை நடத்தும்போது கெட்டுப்போன ஃபைல் என்று துடைத்தெறியப்படலாம். அதோடு விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் ஷட்டவுன் செய்ததாக நினைப்பது உண்மையில் பாதி ஹைபர்னேட்தான். அந்த டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும். ஸ்டீம் "டிஸ்க் ரைட் எரர்" என்று அழும்.

ஒழுங்கான வழி: லினக்ஸ் கேம்களுக்கு ஈஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷன் ஒன்று தனியாக வேண்டும். டவுன்லோடைத் தவிர்க்க, லினக்ஸ் ஸ்டீமில் கேமை இன்ஸ்டால் செய்யத் தொடங்கி, சில விநாடியில் நிறுத்தி, ஸ்டீமை மூடி, விண்டோஸ் டிரைவின் காமன் ஃபோல்டரில் உள்ள அந்த கேமின் ஃபோல்டரை இங்குள்ள காமனுக்குள் நகலெடுங்கள். ஸ்டீமைத் திறந்து டவுன்லோடைத் தொடர்ந்தால், இருப்பதைச் சரிபார்த்துவிட்டு இல்லாததை மட்டும் இறக்கும். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று வரம்பு உள்ள இணைப்புக்காரர்களுக்கு இது பெரிய மிச்சம்.

இரண்டு ஓஎஸ்ஸும் வைத்துக்கொள்வதாக இருந்தால், ஒரே வட்டைப் பிரிக்காமல் இரண்டாவது எஸ்எஸ்டி வாங்குங்கள். லினக்ஸை இன்ஸ்டால் செய்யும் போது விண்டோஸ் வட்டின் கேபிளைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது. பூட்லோடர் தவறான வட்டில் போய் உட்காராது. எதில் பூட் ஆக வேண்டும் என்பதை பயாஸின் பூட் மெனுவில் தேர்ந்துகொள்ளலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் இயங்கும் பல கம்ப்யூட்டர்களில் லினக்ஸை பூட் ஆக விடாமல் தடுத்தது. வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் லேப்டாப் என்றால், பயாஸில் எதையும் தொடும் முன் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கீ இல்லாமல், அதைக் கேட்கும் நீலத் திரையில் மாட்டினால் டேட்டா திரும்பி வராது.

டூயல் பூட்டில் இன்னொரு தொல்லை: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் ஐந்தரை மணி. நேரம் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொருந்தாமல் லாகின் தோற்கும், காரணம் புரியாமல் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வன்பொருள் கடிகாரம் பொது நேரத்தில் இருக்கிறது என்று ஒரு மதிப்பைச் சேர்த்தால் தீர்ந்தது.

திரை விஷயத்தில் ஏஎம்டிக்காரர்களுக்கு ஒன்று. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்ட அனுமதியை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. அதனால் 4கே 120 ஹெர்ட்ஸ் டிவியில் முழு வண்ணத்தோடு 120 கிடைக்காது. மானிட்டர் என்றால் டிஸ்பிளேபோர்ட்டில் செருகுங்கள். என்விடியாவின் மூடிய டிரைவருக்கு இந்தத் தடை இல்லை. எச்டிஆர் (கூடுதல் ஒளி, வண்ண வீச்சு) வேண்டும் என்றால் கேடிஇ பிளாஸ்மா 6 உள்ள டிஸ்ட்ரோ. மின்டின் சின்னமனில் இப்போதைக்கு அதை எதிர்பார்க்காதீர்கள். எச்டிஆரில் விண்டோஸ் இன்னமும் சுலபம்.

எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும், பழைய சிடி கேம்களுக்கு லூட்ரிஸ். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் இறக்கி ஆடும் கேம்கள் லினக்ஸில் ஓடாது. கன்ட்ரோலர்களில் எக்ஸ்பாக்ஸ் கேபிளில் செருகியதும் வேலை செய்யும். ப்ளூடூத்தில் இணைந்து இணைந்து அறுந்தால் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மட்டும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரோ எக்ஸ்பாக்ஸோ தேவை. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸுக்கு சோனியே எழுதிய டிரைவர் கெர்னல் 5.12 முதல் உள்ளேயே இருக்கிறது. ஸ்டியரிங் வீல் வைத்து ரேஸ் ஆடுபவர்கள் மட்டும் தங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டு மாறட்டும். மவுஸின் மேக்ரோ, விளக்கு எல்லாம் கம்பெனி ஆப் இல்லாமல் பைப்பர், ஓபன்ஆர்ஜிபி வழியாகத்தான்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு நான் சொல்வது இது. விண்டோஸ் 10-ஐ அழிக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பேட்ச் வரும். வேலரண்ட் அந்தப் பக்கம் இருக்கட்டும், பேங்க், மெயில் எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் மின்ட் அல்லது பஸ்ஸைட். முதலில் எல்டன் ரிங்கை மட்டும் இறக்கி, ஷேடர் தயாராகும் வரை விட்டு, மேங்கோஹட் போட்டு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். அதில் ஃபிரேம் நேரக் கோடு பெரும்பாலும் தட்டையாக இருந்தால் மற்ற இரண்டையும் நகலெடுத்துக்கொள்ளலாம். கோடு ஊசி ஊசியாக எகிறினால், செட்டிங்ஸைக் குறைக்கும் முன் நான்கு கோரும் நூறு சதவீதத்தில் நிற்கின்றனவா என்று அதே திரையில் பாருங்கள். நின்றால் பணத்தைக் கார்டில் போடாமல் புராசசருக்குச் சேர்த்து வையுங்கள்.